ஆசனப் பரிசோதகரின் ஆபரேஷன்

"முதலாளி, எனக்கு ஒரு ஆபரேஷன்" என்ற நாலே நாலு வார்த்தையைச் சொல்ல ராயப்பராஜ் மூன்று நாட்களாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மரியநாதபுரத்து வீட்டிலிருந்து கிளம்பும்போது நாலும் வாயில் வரிசையாக நிற்கும். பாதி வழியில் கடைசி வார்த்தை கழன்றுகொள்ளும். கம்பெனி வாசலுக்கு வந்து, தலைக்கு மேல் தொங்கும் போர்டைப் பார்த்ததும் 'முதலாளி' என்ற ஒன்று மட்டும் மிஞ்சும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு வணக்கம்தான் சொல்ல முடியும். சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

போர்டில் இருந்தது இதுதான்: 'கஜேந்திரா மடக்கு நாற்காலி. 290 பவுண்டு தாங்கும்! நேரில் வந்து காண்க!' இடப்பக்கம் ஒரு யானை. வலப்பக்கம் நாற்காலியில் அமர்ந்த கோலத்தில் ராயப்பராஜ். இரண்டையும் ஒரே பெயிண்டர் ஒரே நாளில் வரைந்ததால் இருவருக்கும் முகஜாடை ஒன்றாகவே வந்திருந்தது. யானைக்குக் கொஞ்சம் சிரித்த முகம்.

கிலோ வந்த புதிதில் சர்க்கார் ஆள் ஒருவர் வந்து, பவுண்டை அழித்துவிட்டு 131 கிலோ என்று எழுதும்படி சொல்லிவிட்டுப் போனார். முதலாளி பொன்னுத்துரைக்கு அன்று சோறு இறங்கவில்லை. "ஒரே ராத்திரில எம் பயல பாதிக்கு மேல எளைக்க வச்சுட்டானுகளே" என்று வருவோர் போவோரிடமெல்லாம் புலம்பினார். போர்டை மாற்றவில்லை.

ராயப்பராஜின் உத்தியோகத்துக்கு முதலாளி வைத்த பெயர் ஆசனப் பரிசோதகர். கல்யாணப் பந்தல்காரர்களோ, கொட்டகைக்காரர்களோ, சத்திரத்துக்காரர்களோ நாற்காலி பார்க்க வந்தால் மணி அடிக்கும். ராயப்பராஜ் வருவார். தொழிற்சாலை மேஸ்திரி கருப்பணன் ஒரு நாற்காலியை விரித்துப் போடுவார். ராயப்பராஜ் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியை இரு பக்கமும் விசிறிப் பரத்தி, மெதுவாக, மிக மெதுவாக அமர்வார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். "என்ன கம்பீரமா உக்காந்திருக்காரு பாருங்க, தேர் நிக்கிற மாதிரி" என்பார்கள். ஆர்டர் கொடுப்பார்கள்.

"உக்காந்தே சம்பாதிக்கிற மகராசன்" என்று ஊரில் பொறாமைப்பட்டவர்கள் பலர். அவர்களில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று உண்டு. கடந்த ஒன்பது வருஷத்தில் ராயப்பராஜ் ஒரு தடவைகூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

முதன்முதலில் சின்னாளப்பட்டியில் ஒரு கைத்தறிப் பொருட்காட்சியில் கடை போட்டிருந்தார்கள். முதலாளி மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்க, ராயப்பராஜ் நாற்காலியில் இறங்கினார். அவருடைய எடையில் பாதி பட்டதுமே அடியில் எதுவோ 'கிர்ர்' என்றது. ஒரு ரிவிட் ஆணி விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்ட சத்தம். பதறி எழப் பார்த்தார். எதிரே இருநூறு பேர். மைக்கில் முதலாளி, "இதோ! இரும்பின் மேல் இமயம்!" என்றார். எழவும் முடியாமல், அமரவும் முடியாமல் ராயப்பராஜ் நடுவில் நின்றுவிட்டார். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து அழுத்தி, தொடைகளை இறுக்கி, கைகளை முழங்காலில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாற்காலிக்கு மேல் ஒரு நூல் இடைவெளியில் மிதந்தார். விசிறிய வேட்டி எல்லாவற்றையும் மறைத்தது. முகத்தில் வழிந்த வேர்வையை முதலாளி செழிப்பின் அடையாளமாகக் கூட்டத்துக்கு விளக்கினார்.

அன்றைக்கு மிதந்தவர்தான். ஒன்பது வருஷமாக மிதந்துகொண்டிருந்தார்.

மனைவி வியாகுலம்மாளுக்கு இது தெரியும். பங்குச் சாமியாருக்கும் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருந்தார். உட்காராமல் உட்கார்ந்ததாகக் காட்டுவது பொய்யா, களவா, வெறும் உடற்பயிற்சியா என்று சாமியாருக்கே சற்று நேரம் குழப்பமாக இருந்தது. கடைசியில் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நாற்காலி வாங்கினவர்களும் புகார் சொல்லாமலில்லை. எங்காவது ஒரு கல்யாணத்தில் கொஞ்சம் பூசினாற்போல் உள்ள சம்பந்தி உட்கார்ந்து, நாற்காலியோடு மடங்கி விழுந்தால், பந்தல்காரர் கடிதம் போடுவார். முதலாளி உடனே பதில் எழுதுவார்: '290 பவுண்டுக்காரர் ஒருவர் ஒன்பது ஆண்டுகளாக மேற்படி நாற்காலியில் அமர்ந்து வருகிறார். தங்கள் விருந்தினர் அமர்ந்த முறையில் பிழை இருந்திருக்கலாம்.' விழுந்த சம்பந்தி வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்.

இப்படி எல்லாம் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ராயப்பராஜின் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவில் ஒன்று புடைத்தது. எலுமிச்சை ஆறு மாதத்தில் மாதுளை ஆயிற்று. ஒவ்வொரு தடவை மிதந்து எழும்போதும் வெளியே வந்து நிற்கும். படுத்து, எண்ணெய் தடவி, உள்ளே தள்ளினால் போகும். போன வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் போகாமல் கல்லாக நின்றுவிட்டது. வியாகுலம்மாள் கையோடு மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டாள்.

அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்கீஸ் என்ற டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். கெட்டிக்காரர்களுக்கு உண்டான சிடுசிடுப்பும் இருந்தது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"உக்கார்ற வேலைங்கம்மா."

"உக்கார்றவங்களுக்கு இது இம்புட்டு மோசமா வராதே. மூட்டை தூக்குறவங்களுக்குல்ல வரும்."

"நானும் மூட்டை தூக்குறவன்தாங்கம்மா. மூட்டையும் நான்தான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குடல் பிதுங்கி வருகிற இடத்தைத் தைத்தாக வேண்டும் என்றார். இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு தைத்தால் நூல் நிற்காது. தொங்குகிற கொழுப்பையும் சேர்த்து அரிந்து எடுத்தாக வேண்டும். எப்படியும் பதினெட்டு பவுண்டு வரும். ஒரு மாதம் படுக்கை. அதற்குப் பிறகும் உடம்பு கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குந்தக் கூடாது, தம் கட்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது.

"மறுபடி கல்லு மாதிரி நின்னு, வாந்தியும் வந்துச்சுன்னா ஆறு மணி நேரம்தான். அதுக்குள்ள வந்து சேரலைன்னா அப்புறம் எங்கிட்ட வர வேண்டிய அவசியமே இருக்காது. இந்தத் திங்க விட்டு அடுத்த திங்கக்கிழமை வந்து படுத்துருங்க."

பதினெட்டு பவுண்டு போனால் பாக்கி இருநூற்று எழுபத்திரண்டு. போர்டில் இருப்பதோ இருநூற்றுத் தொண்ணூறு. அதுகூடப் பரவாயில்லை, முதலாளி திட்டிவிட்டுப் பெயிண்டரைக் கூப்பிட்டுக்கொள்வார். ஆனால் தம் கட்டக் கூடாது என்றால் மிதக்க முடியாது. மிதக்கவில்லை என்றால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் நாற்காலி போய்விடும். நாற்காலி போனால் வேலை போய்விடும். வேலைக்காகத் தம் கட்டினால் தையல் பிரிந்து உயிர் போய்விடும். மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை பஸ்ஸில் இதையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டு வந்தார். இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் பக்கத்தில் ஆறுதல் சொல்லவும் ஆளில்லை.

நாலாவது நாள், புதன்கிழமை, எப்படியும் சொல்லிவிடுவது என்று நெற்றியில் சாம்பல் புதன் சாம்பலோடு முதலாளியின் அறைக்குள் நுழைந்தார்.

"முதலாளி..."

"வாலே ராயப்பா! ஒன்னத்தான் நெனச்சேன். நெத்தியில சாம்பலப் பூசியாச்சா? தபசு காலம் வந்தாலே எனக்கு வயித்தக் கலக்குதுப்பா. நாப்பது நாளு வெஞ்சனத்தக் கொறைச்சு, ஒரு வேளச் சோத்த விட்டுப்புட்டு ஒடம்ப எளைக்க விட்டுறாத. ஒங்க சாமியார்கிட்ட நான் வேணா வந்து பேசுறேன். இது தொழில் சம்பந்தமான ஒடம்பு, இதுக்கு விதிவிலக்கு உண்டான்னு கேக்குறேன்."

"அது இல்லீங்க முதலாளி. எனக்கு ஒரு..."

"இரு, இரு. நான் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் பேசு." முதலாளி எழுந்து நின்றார். முக்கியமான விஷயங்களை அவர் நின்றுகொண்டுதான் சொல்வார். எதிரே ஒரே ஒரு ஆள் இருந்தாலும் குரல் மைக்குக்குப் போய்விடும். "பங்குனி உத்தரத்துக்குப் பழனியில பொருட்காட்சி. நம்ம கடை, அடிவாரத்துல, எல்லா பஸ்ஸும் வந்து நிக்கிற எடத்துல! சத்திரத்துக்காரங்க எல்லாருமாச் சேந்து ஆயிரம் நாற்காலி வாங்கப் போறாங்க. அவங்க முன்னால நீ உக்கார்ற. எம்புட்டு நேரம்?"

ராயப்பராஜ் தயங்கிக் கேட்டார். "கால் மணி நேரங்களா?"

"பன்னெண்டு மணி நேரம்லே! சூரியன் உதிச்சா உக்கார்ற, அடைஞ்சா எந்திரிக்கிற. பக்கத்துல கடியாரம். நோட்டீசு அடிக்கக் குடுத்தாச்சு. 'கஜேந்திராவின் பன்னிரண்டு மணி நேர மகா அமர்வு!' எப்பிடி இருக்கு?"

ராயப்பராஜ் மிதந்ததில் அதிகபட்சம் இருபத்திரண்டு நிமிஷம். அதற்கே இரண்டு நாள் தொடைகள் தந்தியடித்தன. நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் வியாகுலம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீகளா?"

"சொல்லப் போனேன். அவரு பேசிக்கிட்டே இருந்தாரு."

"ஒம்பது வருசமா அவரு பேசிக்கிட்டேதான் இருக்காரு. நீங்க கேட்டுக்கிட்டேதான் இருக்கீக. அவரு வாய் வலிச்சு நிறுத்துறதுக்குள்ள ஒங்க கொடல் வெளிய வந்துரும்."

"வேல போயிருச்சுன்னா என்ன செய்யிறது வியாகுலம்?"

"ஆளு போயிருச்சுன்னா நான் என்ன செய்யிறது? அதையும் அவருகிட்டயே கேட்டுட்டு வாங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "இந்தாங்க, நாளைக்கு அவரு வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி நீங்க தொறந்துருங்க. வணக்கங்கூட அப்புறம் சொல்லிக்கலாம்."

யோசனை நல்லதாக இருந்தது. மறுநாள் முதலாளி சாமி படங்களுக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டு, வாய்க்குள் மந்திரம் முணுமுணுத்தபடி நின்ற நேரம் பார்த்து ராயப்பராஜ் உள்ளே போனார். மந்திரம் முடியும் வரை முதலாளியால் குறுக்கே பேச முடியாது.

"முதலாளி, எனக்கு ஒரு ஆபரேஷன். கொடல் பிதுங்கியிருக்கு. வர்ற திங்கக்கெழம மதுரையில. தொப்பையவும் சேத்து அரிஞ்சு எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒரு மாசம் படுக்கை."

நாலு வார்த்தைக்குப் பதிலாக நாற்பது வந்துவிட்டது போலிருந்தது அவருக்கு. முதலாளி மந்திரத்தைப் பாதியில் விட்டார். ஊதுவத்தி கையிலேயே புகைந்தது.

"அரிஞ்சா?" என்றார். "எதை?"

"தொப்பைய."

"யாரு தொப்பைய?"

"என் தொப்பையத்தாங்க."

முதலாளி அவருடைய வயிற்றையே பார்த்தார். சொந்த வீட்டுச் சுவரில் அந்நியன் ஒருவன் கடப்பாரை வைத்ததைப் பார்க்கிற பார்வை.

"எம்புட்டு எடுப்பாங்களாம்?"

"பதினெட்டு பவுண்டுங்க."

"பதினெட்டா!" முதலாளி நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அது தேக்கு நாற்காலி, ஒன்றும் ஆகவில்லை. "ஏன்லே, நான் ஒனக்கு என்ன கொறை வச்சேன்? ஒடம்பு ஒன்னோடதா இருக்கலாம், இல்லைங்கல. ஆனா அது போர்டுல இருக்கு. நோட்டீசுல இருக்கு. பொதுவுல இருக்கிற ஒடம்ப நீ பாட்டுக்கு வெட்டக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே!"

"வெட்டலைன்னா செத்துருவேன்னு சொல்றாங்க முதலாளி."

சாவு என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளி சட்டென்று கருணாமூர்த்தி ஆனார். அது அவருக்குப் பழக்கம். எழுந்து வந்து தோளில் கைவைத்தார். "சேச்சே, ஒன்னைச் சாக விட்டுருவனா? தாராளமா செஞ்சுக்க. உத்தரம் முடியட்டும். மறுநாளே நானே காரு வச்சு அனுப்பி வைக்கிறேன்."

"நடுவுல கல்லா நின்னுருச்சுன்னா ஆறு மணி நேரம்தான் தாங்கும்னாங்க. பழனியில இருந்து மதுரைக்கு..."

"முருகன் இருக்கான்லே."

"டாக்டரம்மா மதுரையிலல்லங்க இருக்காங்க."

முதலாளியின் கை தோளிலிருந்து இறங்கியது. அறையில் நாலு நடை நடந்தார். பிறகு, ஒரு முடிவுக்கு வந்தவராக, "சரி. ஒன்னைய மாதிரி ஆளு இந்த ஊருல வேற இல்லாமலா போயிட்டான்? வேற ஆளப் பாத்துக்கிறேன். நீ போயி அரிஞ்சுக்க. திரும்பி வாரப்ப இங்க வேல இருந்தா பாப்போம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் ராயப்பராஜ் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தார்.

மத்தியானமே ஆள் வந்துவிட்டார். வெல்ல மண்டியில் தரகு பார்க்கும் முத்துச்சாமி. மண்டித் தராசில் ஏற்றிப் பார்த்ததில் இருநூற்று நாற்பது பவுண்டு. "அம்பது கம்மிதான், ஆனா வளர்ற ஒடம்பு" என்று முதலாளி சமாதானம் சொல்லிக்கொண்டார். முதலாளியின் அறையிலேயே கருப்பணன் நாற்காலியை விரித்தார். ராயப்பராஜ் சுவரோரம் நின்றார். உண்மையில் அவர்தான் முத்துச்சாமியை எச்சரித்திருக்க வேண்டும். ஆனால் என்னவென்று எச்சரிப்பது? நாற்காலி இருக்கிறது, உட்கார்ந்துவிடாதே என்றா?

"உக்காரணும், அம்புட்டுத்தானே?" என்றார் முத்துச்சாமி.

"அம்புட்டுத்தான்."

"இதுக்கா சம்பளம் குடுக்கிறீக?" என்று சிரித்துக்கொண்டே முத்துச்சாமி, நாள் முழுக்க நின்று அலுத்த மனிதன் எப்படி உட்காருவானோ அப்படி உட்கார்ந்தார்.

கிர்ர் என்றுகூடச் சத்தமில்லை. நாற்காலி நேராகவே மடங்கிவிட்டது. அதன் பெயரே மடக்கு நாற்காலிதானே. முத்துச்சாமி அதற்குள் மடங்கிக் கிடந்தார். கருப்பணனும் ராயப்பராஜும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உருவி எடுத்தார்கள்.

"யோவ், உக்காரத் தெரியாதாய்யா ஒனக்கு?" முதலாளி கத்தினார்.

"பொறந்ததுல இருந்து உக்காந்துக்கிட்டுத்தான்யா இருக்கேன்! ஆளக் கொல்ற பொறிய வச்சுக்கிட்டு நாற்காலிங்கிறீரு!" முத்துச்சாமி வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, வெல்ல மண்டி முழுக்க இதைச் சொல்லப் போவதாகச் சபதம் செய்துவிட்டுப் போனார்.

முதலாளி கருப்பணனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். திரும்பியபோது முகத்தில் பாசம் பொங்கியது.

"பாத்தியாலே? எல்லாருக்கும் ஒடம்பு இருக்கு. உக்கார்ற முறை இருக்கா? அது ஒனக்கு ஆண்டவன் குடுத்தது. நான் காலையில கோவத்துல சொன்னத மனசுல வச்சுக்காத. இந்தக் கம்பெனி இருக்கிற வரைக்கும் நீதான் ஆசனப் பரிசோதகர். சம்பளத்தக் கூட்டுறேன். ஆபரேஷன மட்டும் உத்தரத்துக்கு அப்புறம் வச்சுக்க. என்ன?"

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. கூட்டியே கிடைத்தது. ஒரு 'சரிங்க' போதும். ராயப்பராஜின் வாய் பழக்க தோஷத்தில் அதற்குத் தயாராகிக்கூட விட்டது. அந்த நேரம் பார்த்து, முத்துச்சாமியைத் தூக்கியதற்குக் கூலியாக, தொப்புளுக்கு மேல் மாதுளை வெளியே வந்தது. சட்டைக்கு மேலாகவே அமுக்கினார். போகவில்லை. இன்னொரு முறை அமுக்கினார். கல். மணி என்ன என்று சுவரைப் பார்த்தார்: மூன்று. ஆறு மணி நேரம் என்றால் ஒன்பது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு? மாதாவே என்று சுவரில் சாய்ந்து, மூச்சை விட்டு, வயிற்றைத் தளர்த்தி மூன்றாம் முறை அமுக்கினார். கொடகொடவென்று உள்ளே போயிற்று.

அதோடு பயத்தில் ஒரு பகுதியும் உள்ளே போய்விட்டது போலும். "முதலாளி, ஒரு நாற்காலி விரிங்க" என்றார்.

"நானா?"

"கருப்பணன் வெளிய இருக்காரே."

முதலாளி தம் வாழ்க்கையில் முதன்முறையாகத் தம் நாற்காலி ஒன்றைத் தாமே விரித்தார். விரலை நசுக்கிக்கொண்டார். ராயப்பராஜ் துண்டை உதறி, வேட்டியை விசிறி, வழக்கம்போல் இறங்கினார். பிறகு வேட்டியை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"ஒரு கடுதாசிய எடுத்து எனக்கு அடியில விட்டுப் பாருங்க."

"என்னலே வெளையாடுற?"

"விடுங்க முதலாளி, சீக்கிரம். ரொம்ப நேரம் தாங்காது."

மேஜை மேல் முதலாளியின் கடிதத் தாள் இருந்தது. ஆசன மாமணி, தொழில் திலகம், எஃகுச் செம்மல், வட்டார ஆசன உற்பத்தியாளர் சங்கத் தலைவர் என்று தாளின் முக்கால்வாசிக்குப் பட்டங்கள். சங்கத்தில் அவரும் அவருடைய மைத்துனரும் இருந்தார்கள். பட்டங்களைக் கொடுத்ததும் அந்தச் சங்கம்தான். முதலாளி தாளை எடுத்துக் குனிந்து, நாற்காலிக்கும் ராயப்பராஜுக்கும் நடுவே இடப்பக்கம் நுழைத்தார். ஆசன மாமணி உள்ளே போனார். தொழில் திலகம் போனார். எஃகுச் செம்மலும் எங்கும் முட்டாமல் போனார். தாள் முழுதாக வலப்பக்கம் வெளியே வந்தது, ஒரு மடிப்புகூட விழவில்லை.

முதலாளி தாளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மறுபடியும் தாளை விட்டுப் பார்த்தார். மறுபடியும் வந்தது.

ராயப்பராஜ் எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தொடைகள் நடுங்கின.

"எத்தன நாளா?" முதலாளியின் குரல் மைக்கிலிருந்து இறங்கி ஆள் குரலாகியிருந்தது.

"ஒம்பது வருசமாங்க."

"அப்ப... என் நாற்காலி?"

"ஒங்க நாற்காலியில ஒரு கொறையும் இல்லீங்க. நூத்தி அறுவது பவுண்டு வரைக்கும்."

"ஏன்லே அன்னைக்கே சொல்லல?"

"அன்னைக்கு நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க முதலாளி."

வெளியே கருப்பணன் ரிவிட் அடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் முதலாளியின் கண்ணிமை துடித்தது. கத்தப் போகிறார், வெளியே போ என்று சொல்லப் போகிறார் என்று ராயப்பராஜ் காத்திருந்தார். முதலாளி கத்தவில்லை. மெல்லக் கேட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எஞ் சம்சாரத்துக்கு. அப்புறம் சாமியாருக்கு."

"சாமியாரு வெளிய சொல்லிருவாரா?"

"சொல்லக் கூடாதுங்க."

"சம்சாரம்?"

ராயப்பராஜ் காலை மாற்றி நின்றார். முதலாளிக்குப் புரிந்தது.

"திங்கக்கெழம போறேங்க முதலாளி," என்றார் ராயப்பராஜ். கெஞ்சலாக ஆரம்பித்த வாக்கியம், முடியும்போது எப்படியோ அறிவிப்பாக நின்றது. "நான் திரும்பி வந்தாலும் தம் கட்ட மாட்டேன். உக்காந்தா முழுசாத்தான் உக்காருவேன். எனக்கு வேல உண்டா, இல்லையான்னு இப்பவே சொல்லிருங்க. அங்க படுத்துக்கிட்டு அத வேற நெனச்சுக்கிட்டு இருக்க முடியாது."

முதலாளி நெடுநேரம் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். மெதுவாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"வேல எங்கலே போயிரும்? உக்கார்றதுக்கு ஆளு வேணுமில்ல. பழனிக் கடைய இந்த வருசம் யானைப் படத்தோட முடிச்சுக்குவோம். நீ போயிட்டு வா." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஆமா, இந்த டாக்டரம்மா பதினெட்டுத்தான் எடுப்பாங்களா? கூடக் கொறைய எடுக்க மாட்டாங்களா?"

"எதுக்குங்க?"

"இல்ல, எப்பிடியும் வயித்தத் தொறக்கிறாங்க. ஒரு நூத்தி முப்பது பவுண்டா எடுத்துட்டாங்கன்னா நீ நூத்தி அறுவதுல வந்து நிப்ப. அப்புறம் நீ தாராளமா உக்காரலாம், நாற்காலியும் தாங்கும். ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்ல, பாரு."

"போர்டுல எரநூத்தித் தொண்ணூறுன்னு இருக்குதுங்களே."

"போர்டு பாட்டுக்கு இருக்கட்டும். போர்டை எவன் தராசுல வைக்கப் போறான்?"

ராயப்பராஜ் தம் உடம்பை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டார். "நூத்தி முப்பது எடுத்தா, மிச்சத்துல நான் இருக்க மாட்டேன் முதலாளி."

"நீயா ஒன்னும் முடிவு பண்ணாத. படிச்சவங்க அவங்க சொல்லட்டும்" என்று முதலாளி புதிய தாள் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார். 'டாக்டர் அம்மையார் அவர்கள் சமூகத்துக்கு. இக்கடிதம் கொண்டுவரும் எமது ஆசனப் பரிசோதகரின் தேகத்திலிருந்து, தொழில் வளர்ச்சியை உத்தேசித்து...' எழுதி, கையெழுத்திட்டு, சங்கத்தின் முத்திரையும் குத்திக் கொடுத்தார். லீவுச் சீட்டிலும் கையெழுத்திட்டார். ராயப்பராஜ் லீவுச் சீட்டைச் சட்டைப் பையிலும், கடிதத்தை மடித்து இடுப்பிலும் வைத்துக்கொண்டார். டாக்டரம்மாவின் சிடுசிடுப்பை நினைக்கும்போது அந்தக் கடிதத்தைக் கொடுப்பதைவிட ஆபரேஷனே எளிது என்று தோன்றியது.

கதவு வரை போனவர் நின்றார்.

"முதலாளி, அம்புட்டெல்லாம் எடுக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கன்னா?"

முதலாளி பேனாவை மூடினார். முத்துச்சாமியோடு மடங்கி, ஓரமாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். அதன் தகடு காகிதம்போல் சுருண்டிருந்தது. "அப்ப வேற வழியில்ல," என்றார், குரல் கம்ம. "தகட்டத்தான் கொஞ்சம் கனமாப் போட்டாகணும்."

அதைச் சொல்லும்போது அவர் கை தன்னையறியாமல் அவர் வயிற்றைப் பொத்திக்கொண்டது. வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுக்கப் போகிறவர் அவர்தான் என்று பார்க்கிற யாரும் சொல்லியிருப்பார்கள்.